முக்காலியின் வாலுக்குப் பூக்கட்டிப் பார்த்தோம்

என் வீட்டுக்காரர் காளீஸ்வரனுக்கு எதையும் தேர்ந்தெடுக்க வராது. ஹோட்டலில் போய் உட்கார்ந்தால், இட்லியா தோசையா என்று கேட்ட சர்வர் அடுத்த மேசையைக் கவனித்துவிட்டுத் திரும்பி வந்தாலும் இவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டை எடுக்கப் போனால், "நீயே சொல்லு சுமதி" என்பார். வீட்டுக்கு என்ன கலர் அடிக்க என்று பெயின்ட்டர் கேட்டபோது, "பக்கத்து வீட்ல என்ன அடிச்சீக?" என்று திருப்பிக் கேட்டார். வேலை பாளையம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில், ஃபிட்டர். மெஷினுக்கு முன்னால் நின்றால் எந்த போல்ட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று கை தானாகப் போகும். மனிதர்களுக்கு முன்னால் வந்துவிட்டால் அதே கை சட்டைப் பைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

நான் அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறவள். தேர்ந்தெடுப்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சேலை எடுக்க வருகிறவர்கள் கடையையே பிரித்துப் போடச் சொல்வார்கள். ஆனால் வந்து உட்கார்ந்ததும் கண் முதலில் எதன் மேல் விழுந்ததோ அதுதான் கடைசியில் பில்லுக்குப் போகும். கூட வந்த மாமியார் மனசும் நாத்தனார் மனசும் கோணாமல் அந்த இடத்துக்கு வந்து சேர ஒரு சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். எந்தச் சேலை போகும் என்று முன்கூட்டியே சொல்லி, கூட வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் டீ வாங்கிக் குடித்தவள் நான். எனக்குப் போய் இப்படி ஒரு மனுஷர்.

"அப்படிப்பட்டவுக ஒன்னைய மட்டும் எப்படிக்கா தேர்ந்தெடுத்தாக?" என்று கடையில் கேட்பார்கள். தேர்ந்தெடுத்தால்தானே!

என் மாமியார் ஜக்கம்மாளுக்குத் தன் தம்பி மகளையே மருமகளாக எடுக்க ஆசை. அதே சமயத்தில் தரகர் மூலமாக நரிக்குடிப் பக்கமிருந்து என் ஜாதகமும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தது. கூட வைத்து அனுப்ப வேறு உருப்படியான போட்டோ இல்லாததால், ஊர்ப் பொங்கலில் நான் முளைப்பாரி தூக்கி வந்தபோது எடுத்ததையே அனுப்பியிருந்தார்கள். எந்தப் பெண் என்று மகனைக் கேட்டால், "ஒங்க இஷ்டம்மா" என்றாராம். கடைசியில் குலசாமி கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ என்றால் நரிக்குடிப் பெண், சிவப்புப் பூ என்றால் தம்பி மகள். இரண்டையும் தனித்தனியாக இலையில் பொதிந்து, நூல் சுற்றிச் சாமி முன்னால் போட்டு, அந்த வழியாகப் போன ஒருவரைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தது. அதனால் நான் வந்தேன்.

மாமியார் இதைச் சொல்லும்போது பெருமை பிடிபடாது. "எம் மகன் தலைக்குக் குளிச்சு, ஈர வேட்டியோட அவனே பூவைக் கட்டிக் கொண்டாந்தான். எடுக்காத பொட்டலத்தையும் அவனே கொண்டு போயிக் கெணத்துல விட்டுட்டு வந்தான். அம்புட்டு பயபக்தி!" எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

என் அண்ணன் ராஜபாண்டி இதே கதையை வேறு மாதிரி சொல்வான். "எந்தங்கச்சி குலுக்கல்ல விழுந்தவடா" என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உள்ளே சுருக்கென்று குத்தும். சிவப்புப் பூ வந்திருந்தால் இவர் அந்தப் பெண்ணோடும் இப்படியே சிரித்த முகமாகக் குடித்தனம் நடத்தியிருப்பார் அல்லவா? என்னைத்தான் வேண்டும் என்று இந்த மனுஷர் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நல்ல கணவர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்த ஒன்று மட்டும் எனக்குத் தீராத குறை. சண்டை வந்தால் கடைசியில் அங்கேதான் போய் நிற்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு டிவி ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்.

போன வருஷம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு, நரிக்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோதுதான் இந்த முக்காலி விவகாரம் ஆரம்பித்தது. முளைப்பாரி ஊர்வலத்தைப் படம் பிடிக்க யாரோ டிரோன் கொண்டுவந்திருந்தார்கள். எல்லாரும் அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்க, இவர் மட்டும் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல, "இத நம்மளே செஞ்சிரலாம் மச்சான்" என்றார். அண்ணனிடம் அப்படி ஒரு வார்த்தையை விடலாமா? அவன் நேராக மைக் செட்டுக்காரனிடம் போய்விட்டான். "அடுத்த வருசம் எங்க மாப்ள சொந்தக் கையால செஞ்ச மெஷினு முளைப்பாரிய மேல இருந்து படம் புடிக்கும்!" என்று கண்மாய்க்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்துவிட்டான். இவர் முகத்தில் ஈயாடவில்லை. வேண்டாம் என்று மறுக்கவும் தெரியாதே.

வீட்டுக்குத் திரும்பியதும் செய்ய ஆரம்பித்தார். மில் விட்டு வந்ததும் செல்போனில் வீடியோ பார்ப்பதும், வாசல் தளத்தில் உட்கார்ந்து ஒயரைப் பற்றவைப்பதுமாகப் பொழுது போயிற்று. கதவு நிலை செய்கிற ஆசாரியிடம் மிச்ச மரச்சட்டம் வாங்கி மூன்று கை வைத்தார். கைக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஒரு விசிறி. அதற்கு ட்ரைகாப்டர் என்று பெயராம். நான் முக்காலி என்று வைத்தேன்.

"எல்லாரும் நாலு விசிறி வச்சுச் செய்றாக. நீங்க மட்டும் ஏன் மூணு?" என்று கேட்டேன்.

"மூணுன்னா கேமராவுக்கு முன்னால எறக்கை மறைக்காது. திரும்புறப்பயும் வளைஞ்சு அழகாத் திரும்பும். படம் நல்லா வரும்."

ஆனால் மூன்றில் ஒரு சிக்கல் உண்டு. நாலு விசிறி என்றால் இரண்டு இந்தப் பக்கமும் இரண்டு அந்தப் பக்கமும் சுற்றி, ஒன்றின் முறுக்கை ஒன்று சரிக்கட்டிவிடும். மூன்றில் ஒன்றின் முறுக்கு மிச்சம் நிற்கும். அப்படியே விட்டால் சாமி வந்த மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்காகப் பின்பக்கத்துக் கையான வாலில் இருக்கிற விசிறியை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாய்க்கிற வேலையைச் செய்வது செர்வோ என்கிற சின்னப் பெட்டி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே பல்சக்கரம், வெளியே ஒரு குட்டித் தண்டு. முக்காலியின் உயிரே அதில்தான் இருக்கிறது என்றார். அப்படியென்றால் நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். உயிரே போகிற விஷயத்தில் இவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டுமே!

இவராக ஒரு செர்வோ வாங்கியிருந்தார். சின்னது, எடையே தெரியாது. மோட்டாரை அதன் மேல் ஏற்றாமல் தனியாக ஒரு கீல் செய்தார். மில்லில் கழித்துப்போட்ட குட்டி பேரிங் இரண்டைக் கேட்டு வாங்கி, அதில் மோட்டாரைத் தொட்டில் மாதிரி உட்காரவைத்தார். செர்வோவிலிருந்து சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்று போய் அந்தத் தொட்டிலை இப்படியும் அப்படியும் தள்ளும். பாரத்தைக் கீல் சுமக்கும், செர்வோ தள்ளிவிட்டால் போதும். செய்து முடித்துவிட்டு, வாலை இரண்டு விரலால் பிடித்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். மில்லில் பழகிய பழக்கம் அது. பேரிங்கில் துளி ஆட்டம் இருந்தாலும் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். "ஆட்டமே இல்ல" என்று எனக்கும் காட்டினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த வாரமே அண்ணன் கோயமுத்தூரிலிருந்து வந்து இறங்கினான். அங்கே ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். கையில் ஒரு டப்பா.

"மாப்ள, அந்த பிளாஸ்டிக்கத் தூக்கி எறிங்க. இது முச்சூடும் மெட்டலு. கீலும் வேணாம், கம்பியும் வேணாம். நேரா இது தலையில மோட்டார மாட்டி முடுக்குனா முடிஞ்சது. கல்லு மாதிரி நிக்கும்."

அண்ணன் எதைக் கொடுத்தாலும் அது எங்கள் வீட்டில் கண்ணில் படுகிற மாதிரி இருக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு அவன் கொடுத்த சுவர்க்கடிகாரம் எப்போதும் முந்தி ஓடும். இவர் அதைக் கழற்றவும் மாட்டார், ரிப்பேருக்குக் கொடுக்கவும் மாட்டார். மனசுக்குள் கழித்துக்கொண்டு மில்லுக்குக் கிளம்புவார். செர்வோ டப்பாவையும் இரண்டு கையாலும் வாங்கி, "ரொம்ப நல்லாருக்கு மச்சான்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் பருத்தி எடுத்து முடித்த காட்டில் பறக்கவிட்டுப் பார்த்தோம். அண்ணன் கொடுத்ததை மாட்டியபோது பின்பக்கம் பாரம் தாங்காமல் இழுத்தது. செர்வோ யோசித்து யோசித்துத் திரும்பியதில் முக்காலி நாய் மாதிரி வாலாட்டிக்கொண்டே போய்ச் சீமைக்கருவேல மரத்தில் சொருகிக்கொண்டது. கையெல்லாம் முள் கிழித்துக்கொண்டு எடுத்து வந்தார்.

"அப்ப அண்ணன் குடுத்தது சரியில்லதான?"

"அப்படிச் சொல்லிற முடியாது. அதுல பலம் இருக்கு."

அவருடைய கீலையும் சின்னச் செர்வோவையும் மாட்டினார். முக்காலி எழும்பி, காட்டுக்கு மேலே ஒரு வட்டம் போட்டுச் சொன்ன இடத்தில் வந்து நின்றது. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

"இதுதான நல்லாருக்கு?"

"காத்து இல்லாத நேரம். இத வச்சுச் சொல்லிற முடியாது."

மறுநாள் பழையபடி அண்ணனுடையதை மாட்டினார். அடுத்த நாள் கழற்றினார். ஃபிரிட்ஜுக்கு மேலே இரண்டு செர்வோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சாப்பிடும்போது அவற்றைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அண்ணன் வேறு போன் மேல் போன். "எஞ்செர்வோ எப்படி ஓடுது?" போன் வந்தாலே இவர் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் மோட்டார் போடப் போய்விடுவார். தண்ணீர்த் தொட்டி நிறைந்து வழிந்து வாசல் வரை ஓடும்.

பொங்கல் நெருங்கிவிட்டது. கண்மாய்க்கரையில் ஊரே கூடி நிற்க முக்காலி மண்ணில் குத்தினால், அண்ணன் அதையும் மைக்கில் சொல்வான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு தீப்பெட்டிய எடுக்கத் தெரியாத மனுசனோட நான் குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கேன்! என்னைய எடுத்த மாதிரி இதுக்கும் பூக்கட்டிப் போட்டுப் பாருங்களேன்!"

குத்துவதற்காகச் சொன்னதுதான். இவர் முகம் என்னவோ பளிச்சென்று மலர்ந்துவிட்டது.

"அதுவும் நல்ல யோசனதான். இரு, குளிச்சிட்டு வாரேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. பூவை எங்கே வாங்கினார், எப்போது கட்டினார் என்றுகூட நான் கவனிக்கவில்லை. ஈரத்தலையோடு பொட்டலம் இரண்டையும் ஏந்திக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் நடந்தார். நான் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனேன். வெள்ளை மல்லி என்றால் அவர் செய்த கீலும் சின்னச் செர்வோவும், செவ்வரளி என்றால் அண்ணனுடையது. வாசலில் பூ விற்கிற முத்துப்பேச்சி அக்காவைக் கூப்பிட்டோம். என்ன ஏது என்று கேட்காமல் அவர் கண்ணை மூடிக் கும்பிட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"வெள்ளப் பூ தாயி! ஜாம் ஜாம்னு நடக்கும். யாருக்குக் கல்யாணம்?"

"செர்வோவுக்கு" என்றேன்.

இவர் அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டார். தானாக அவனுக்குப் போன் போட்டு நான் பார்த்தது அன்றுதான். "மச்சான், நீங்க குடுத்தது அருமையான பொருளு. ஆனா ஆத்தா வேற மாதிரிச் சொல்லிட்டா. நான் என்ன செய்ய?" அண்ணன் குரல் போனுக்கு வெளியே கேட்டது. "ஆத்தாவே சொன்ன பெறகு என்ன மாப்ள, அதையே மாட்டுங்க." இவர் செருப்பை மாட்டக்கூட மறந்து வாலைப் பொருத்த வீட்டுக்கு ஓடினார். மிச்சமிருந்த பொட்டலத்தை முத்துப்பேச்சி அக்கா என் கையில் கொடுத்தார். நான் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

சாயங்காலம் வந்து கேட்டார். "அந்தப் பொட்டலத்தக் குடு, கெணத்துல விட்டுட்டு வாரேன்."

"ஊருக்குப் போயி முளைப்பாரி கரைக்கிறப்ப கண்மாயில விட்டுக்கிறேன். அம்மன் காரியம், நல்லதுதான்."

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஊருக்குக் கிளம்புகிற அன்றும் பஸ்ஸில் ஒரு தடவை கேட்டார். பயபக்தி அதிகம் என்று மாமியார் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் மழை கொஞ்சம் தயவு வைத்ததால் பங்குனியிலும் கண்மாயில் முழங்கால் தண்ணீர் கிடந்தது. கொட்டுச் சத்தத்தோடு முளைப்பாரி புறப்பட்டது. நானும் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நடந்தேன். இடுப்பில் அந்தப் பொட்டலம் செருகியிருந்தது. கரைக்கு வந்ததும் காற்று நன்றாகவே வீசியது. தலைக்கு மேலே முக்காலியின் இரைச்சல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் முளைப்பாரி சரியும், பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஒரு பெருங்காற்று வந்து அதை ஓரமாகத் தள்ளியது. வால் வெடுக்கென்று சாய்ந்து கொடுத்தது. முக்காலி சமாளித்துக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து நின்றது. "மேல பறக்குது பாருங்க, அந்த வாலு ஆத்தாவே எடுத்துக் குடுத்த வாலு!" என்று மைக்கில் அண்ணன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவனே பெற்றெடுத்த மாதிரி பெருமை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தண்ணீரில் இறங்கி முளைப்பாரியைக் கரைத்தோம். எல்லாரும் கரையேற ஆரம்பித்த பிறகு நான் பொட்டலத்தை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். கொஞ்ச தூரம் மிதந்து போயிற்று. நூல் நனைந்து தளர்ந்தது, காய்ந்த இலை தானாக விரிந்தது. உள்ளே இருந்த பூ ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

மல்லி. வாடிப் பழுத்துப் போயிருந்தாலும் மல்லி மல்லிதான். அரளியின் சிவப்பு ஓர் இதழில்கூட இல்லை.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டிலும் வெள்ளை. யார் எடுத்தாலும், எதை எடுத்தாலும் வெள்ளைதான். வாலைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்த அன்றைக்கே இவர் முடிவு செய்துவிட்டார். அண்ணன் மனசு கோணாமல் அந்த இடத்துக்கு வந்து சேர ஒரு சுற்று சுற்றியிருக்கிறார். தினமும் கடையில் இதைத்தானே பார்க்கிறேன்! சேலை வாங்க வருகிற ஊரார் கண்ணையெல்லாம் படித்தவள், வீட்டில் இருக்கிறவர் கண்ணைப் படிக்காமல் போனேன். அடுத்து, மாமியார் பெருமையாகச் சொல்கிற கதை நினைவுக்கு வந்தது. தலைக்குக் குளித்து, ஈர வேட்டியோடு அவனே கட்டிக் கொண்டாந்தான். எடுக்காத பொட்டலத்தையும் அவனே கொண்டு போய் விட்டுட்டு வந்தான்.

அன்றைய படத்தில் இதெல்லாம் இருக்கிறது. பெண்கள் எல்லாரும் கரையேறிவிட்ட பிறகும் ஒருத்தி மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கேமராவும் ஊர்வலத்தோடு போகாமல் அவள் தலைக்கு மேலேயே நிற்கிறது.

கரைக்கு வந்தேன். இவர் முக்காலியை இறக்கி மடியில் வைத்து வாலைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அதுலயும் மல்லிதான் இருந்துச்சு" என்றேன்.

"மச்சான் ஆசையாக் கொண்டாந்தது. வேணாம்னு எப்படிச் சொல்ல? ஆத்தா சொன்னா யாருக்கும் மனசு கோணாது." தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "காத்துல பாத்தியா? துளி ஆட்டம் இல்ல."

"நான் வாலப் பத்திக் கேக்கல. நம்ம கல்யாணத்துக்கும் நீங்கதான பூக்கட்டுனீக? மாமா மகள வேணாம்னு அத்தைக்கிட்டச் சொல்ல முடியாம..."

சைக்கிள் கம்பியைத் தடவிக்கொண்டே, "அது சித்திர மாசம் சுமதி. நல்ல கோட. செவப்புப் பூ எங்க தேடியும் கெடைக்கல" என்றார்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகிற நாலுவழிச் சாலையின் நடுவில் அத்தனை தூரத்துக்கும் செவ்வரளிதான் நிற்கிறது. எங்கள் கரிசலில் பொட்டு மழை இல்லாத வருஷத்திலும், சித்திரை வெயிலிலும், பூத்துக் குலுங்குகிற பூ அது ஒன்றுதான்.